பசியாறியாச்சா?

பினாங்குக்கு மூன்று வாரம் வேலையாகப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “அங்க சோத்துக்கு என்ன செய்வ?” என்பதுதான். தனியாகவா போகிறாய், எங்கே தங்குவாய், பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. விடையையும் அவளே வைத்திருந்தாள். அடுத்த வாரம் தென்காசியிலிருந்து ஆம்னி பஸ்ஸில் ஒரு அட்டைப்பெட்டி சென்னைக்கு வந்து இறங்கியது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, இரண்டு கிலோ அவல், ஒரு டப்பா முறுக்கு, சுக்கு, ஓமம். விமானத்தில் என் துணிமணியைவிட இந்தப் பெட்டிதான் கனம்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு இப்போது நேரடி விமானம் இருக்கிறது. ஏறத்தாழ நாலு மணி நேரம். மதுரைக்கு ரயிலில் போவதைவிடக் குறைவு. இறங்கும் இடம் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸ். 1972-ல் அங்கே சுதந்திர வர்த்தக மண்டலம் திறந்தபோது, இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கேதான் அமைத்தது. இன்று வரிசையாக சிப் கம்பெனிகள். அதில் ஒன்றில், எங்கள் கம்பெனி விற்ற சோதனை இயந்திரத்துக்குப் புதிய மென்பொருளைப் போட்டு ஓட்டிக் காட்டுவது என் வேலை. தங்குவதற்கு மட்டும் பதினைந்து கிலோமீட்டர் வடக்கே ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவில் அறை போட்டிருந்தார்கள். வாடகை குறைவு என்பது ஒரு காரணம். வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

பழைய கடைவீடு ஒன்றை லாட்ஜாக மாற்றியிருந்தார்கள். கீழே ஐந்தடி நடைபாதை, மேலே மரச் சன்னல், சுவரோரம் ஒரு கெட்டில். முதல் ஐந்து நாட்கள் அந்தக் கெட்டில்தான் என் சமையலறை. காலையில் வெந்நீரில் ஊறிய அவல். இரவில் செவன் லெவனில் வாங்கிய கப் நூடுல்ஸ். மதியம் தொழிற்சாலை கேன்டீனில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஒரு பன், ஒரு டப்பா பால். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அம்மா சீரியல் முடிந்து எட்டரைக்கு அழைப்பாள். எனக்கு அப்போது இரவு பதினொன்று. “சாப்டியா?” “சாப்டேன்.” “என்ன சாப்ட?” இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் கற்பனை தேவைப்பட்டது. ஒரு நாள் சப்பாத்தி, ஒரு நாள் தோசை, ஒரு நாள் லெமன் சாதம் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன்.

இத்தனைக்கும் சன்னலைத் திறந்தால் கீழே தெருவே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். இரும்புச் சட்டியில் கரண்டி மோதும் சத்தம், பூண்டு வறுபடும் வாசனை, பிளாஸ்டிக் ஸ்டூல்களில் வெள்ளைக்காரர்கள், சீனர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாத மலாய்ப் பையன்கள். நான் மேலே நின்று பார்ப்பேன். பிறகு சன்னலைச் சாத்திவிட்டு நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றுவேன்.

ஏன் இறங்கிப் போகவில்லை? சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டு பட்டம். கார் ஓட்டுவேன். ஆனால் அதுவரை ஒரு ஓட்டலில் தனியாக உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டதில்லை. கல்லூரியில் விடுதி மெஸ். வேலைக்கு வந்த பிறகு கூட்டமாகப் போவோம். கூட்டம் சேரவில்லை என்றால் பார்சல், மேசையிலேயே. கல்யாணத்துக்குப் பிறகு கணவர். சின்ன வயதில் குடும்பத்தோடு செங்கோட்டைப் பக்கம் போனால் பிரானூர் பார்டர் கடையில் புரோட்டா உண்டு. பெயர் பெற்ற கடை. ஆனால் அப்பாவும் தம்பியும் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எனக்கும் அம்மாவுக்கும் காருக்குப் பார்சல் வரும். யாரும் போட்ட சட்டம் இல்லை, எங்கள் வீட்டுப் பழக்கம். கடைக்குள் பெண்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள், நான் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை தென்காசியில் ஒரு ஓட்டலில் ஒரு பெண் ஒற்றையாக இட்லி சாப்பிடுவதைப் பார்த்துச் சித்தி மெதுவாகச் சொன்னாள்: “பாவம், வீட்ல என்ன சண்டையோ.” அந்த வார்த்தை எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது போல. இருபது வருடம் கழித்து, கடல் தாண்டி, என்னை யாருக்கும் தெரியாத ஊரிலும் அது எழுந்திருக்கவில்லை.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. சுத்த அறைக்குள், தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடையில் நாலு மணி நேரம் நின்றிருந்தேன். எங்கள் தொழிலில் ஓர் இயந்திரம் எந்தச் சூட்டில், எந்த வேகத்தில், எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்ற அமைப்புக்கு ‘ரெசிபி’ என்றுதான் பெயர். அன்று நான் தவறான ரெசிபியை ஏற்றிவிட்டேன். பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். இயந்திரம் கீழ்ப்படிந்து ஓடியது. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, சோதித்த அத்தனையும் வீண், மறுபடியும் முதலிலிருந்து. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் மிதந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே அழைத்துவந்து உட்கார வைத்தவர் அங்கே இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கும் ஒரு சீன அம்மா. எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. ஒரு கோப்பை மைலோவும் நாலு பிஸ்கட்டும் என் கையில் திணித்துவிட்டு, “கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பொய் சொல்லத் தெம்பு இல்லை. உண்மையைச் சொன்னேன். தங்குவது எங்கே என்றார். சொன்னேன். ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். “சூலியா தெருவில் குடியிருந்துகொண்டு பட்டினியா! அந்தத் தெருவில் நாய்கூடப் பட்டினி கிடக்காது, பெண்ணே.”

அன்று சாயங்காலம் சென்னைக்குத் தகவல் அனுப்பினேன்: தவறு என்னுடையது, ஒரு நாள் தாமதமாகும். மேலாளர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. “சரி” என்று ஒற்றை வார்த்தை. அது திட்டைவிட மோசம். பிறகு அப்பாவுக்கு போன் செய்தேன், அம்மாவுக்கு இல்லை.

அப்பா மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருபத்தேழு வருடம் தென்மாவட்டங்களைச் சுற்றியவர். எந்த ஊரில் எந்த மெஸ்ஸில் எத்தனை மணிக்குக் குழம்பு இறங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். சாப்பாட்டு நேரங்களில் அவர் சொல்லிக் கேட்ட கதைகள்தான் எங்கள் வீட்டு ரேடியோ. ஆனால் அவை தம்பிக்குச் சொல்லப்பட்டவை. எனக்கு அவை தேவைப்படும் என்று யாரும், நானும், நினைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “லாட்ஜ் வாசல்ல வாட்ச்மேன் உண்டுமா?” என்றார்.

“இருக்காருப்பா. நேபாளி.”

“அவருகிட்ட கேளு. ரிசப்ஷன்ல கேக்காத. ரிசப்ஷன்காரன் நீ எங்க போனா நல்லதுன்னு அவனுக்குத் தோணுதோ அதச் சொல்லுவான். வாட்ச்மேன் தான் சாப்பிடுத எடத்தச் சொல்லுவான். சொந்தக் காசு போட்டுத் திங்கவன் நாக்கு பொய் சொல்லாது. அப்புறம், கூட்டம் இருக்கும்போதே போ. கூட்டத்துக்குப் பயந்து ஆறின நேரத்துல போனா ஆறினதுதான் கிடைக்கும். மொதல் நாளே எல்லாத்தையும் வாங்காத.” சற்று நிறுத்தி, “கையில காசு இருக்குல்லா?” என்றார். இருக்கிறது என்றேன். “பின்ன என்ன, போளா.”

இரவு ஒன்பதரைக்கு வாட்ச்மேனிடம் போய், வாயருகே கையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மோவாயை நீட்டித் தெருவின் மேற்குப் பக்கத்தைக் காட்டினார். இடது, இடது, சந்து. அங்கே போனால் வரிசை. இந்தக் கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அங்கே மட்டும் போய்விட்டு, பக்கத்துச் சந்தில் இருப்பதைத் தவறவிடுவீர்கள். பெயர் தெரிந்த கடைகள்தான் வேண்டும் என்பவர்களுக்கு, கேம்பல் தெருவில் 1907 முதல் இருக்கிற ஹமீதியா உண்டு, பினாங்கு சாலைச் சந்தில் லைன் கிளியர் உண்டு, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலருகே ‘பெராத்தோர்’ உண்டு. பெராத்தோர் என்றால் மலாயில் வரிசையில் நிற்பது. இரவு ஏறிய பிறகுதான் கடை திறக்கும்; நின்ற வரிசையே கடைக்குப் பெயராகிவிட்டது.

விற்பது நாசி கண்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் கம்பு, நம் காவடிதான். துறைமுகம் சுறுசுறுப்பாக இருந்த காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவடியின் ஒரு பக்கம் சோற்றுப்பானையும் மறுபக்கம் குழம்புப் பானையும் தொங்கவிட்டு, மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் விற்றார்கள். காவடி போய்க் கடை வந்தது. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. இன்று பினாங்கின் எல்லா இனத்தாரும் இதைத் தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று உரிமை கொண்டாடுகிறார்கள். இந்தக் கடைகளை மலேசியாவில் ‘மாமாக்’ கடை என்பார்கள். நம் ‘மாமா’தான் அப்படி ஆனது என்று சொல்லப்படுகிறது.

வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் ஆறு பேர், நாலு பேர், இரண்டு பேர். கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர் என்னைப் பார்த்து மலாயில் ஏதோ கேட்டார். நான் விழித்தேன். உடனே தமிழுக்கு மாறினார். “இங்க சாப்பிடுறீங்களா, பார்சலா?”

பார்சல் என்று சொல்ல வாய் தானாகவே திறந்தது. மூடிக்கொண்டேன். “இங்கதான்.”

“ஒரு ஆளா?”

எந்தக் கேள்விக்கு இருபது வருடம் பயந்திருந்தேனோ, அதே கேள்வி. அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை தட்டு எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். “ஒரு ஆள்தான்” என்றேன். ஒரு தட்டை எடுத்துச் சோற்றைக் கவிழ்த்தார்.

அதன் பிறகு நடந்ததை விளக்குவது கஷ்டம். நம் ஊரில் குழம்பு ஒன்று, அதற்கு ஒரு சோறு. அடுத்து ரசம், அடுத்து மோர். வரிசை உண்டு. இங்கே வரிசை என்ற பேச்சே இல்லை. கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, பருப்பில் ஒரு கரண்டி, எல்லாம் ஒரே சோற்றின் மேல். இதற்குப் பெயர் ‘கூவா சம்போர்’, கலந்த குழம்பு. இன்னும் தாராளமாக வேண்டுமென்றால் ‘பஞ்சிர்’. மலாயில் வெள்ளம் என்று பொருள். எங்கள் வீட்டில் யாராவது இப்படிக் குழம்பைக் கலந்தால் ஆச்சி தட்டைப் பிடுங்கியிருப்பாள். ஆனால் பிசைந்து வாயில் வைத்தபோது மல்லியும் மிளகும் பட்டையும் தேங்காயும் ஒன்றின் மேல் ஒன்று வந்தன. முழு வெண்டைக்காய் இரண்டு, பாதி அவித்த முட்டை, ஒரு பொரித்த கோழித் துண்டு. தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு உதவும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், கலக்கச் சொல்லும் முன்பே “டாகிங் வேண்டாம்” என்று சொல்லிவிட வேண்டும். இறைச்சித் துண்டை எடுக்காவிட்டாலும் அதன் குழம்பு ஒரு கரண்டி வந்து சேரும். எனக்குப் பரிமாறியவர் தானாகவே கேட்டார், எல்லோரும் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. அடுத்தது காசு. விலைப்பலகையை நம்பி உட்காராதீர்கள். தட்டைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். மீன் தலை, பெரிய இறால், கணவாய், மீன் முட்டை இதையெல்லாம் கைகாட்டும் முன் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். கேட்பதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. அன்று எனக்கு பதினோரு ரிங்கிட். ஒரு ரிங்கிட்டை அப்போது ஏறத்தாழ இருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டேன்.

பக்கத்து மேசையில் தலைக்கு முக்காடிட்ட ஒரு மலாய்ப் பெண் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டே போனில் நாடகம் பார்த்தாள். அதற்கடுத்த மேசையில் நர்ஸ் உடையில் ஒரு சீனப் பெண், அவளும் தனியாக. யார் வீட்டிலும் சண்டை நடந்த மாதிரி தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. லாட்ஜில் துப்புரவு வேலை செய்யும் அக்கா இந்த ஊரிலேயே பிறந்த தமிழர். தினமும் காலையில் நடையில் பார்த்தால், “பசியாறியாச்சா?” என்பார். நான் அது பொதுவாகக் கேட்பது என்று நினைத்து ஆச்சு, ஆச்சு என்று தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. பசியாறை என்று அதற்குப் பெயரே உண்டு. அன்று முதல்முறையாக, “இல்லக்கா, எங்க போகலாம்?” என்று கேட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் கையைப் பிடித்து வாசல் வரை வந்து வழி சொன்னார். சைவமா அசைவமா, நடப்பாயா, காரம் தாங்குமா என்று மூன்று கேள்வி கேட்ட பிறகுதான் சொன்னார்.

அந்தக் கடையில் உட்கார்ந்ததும் ஒரு பையன் வந்து, “தண்ணி என்ன வேணும்?” என்றான். காலை ஏழரை மணி. முஸ்லிம் கடை. நம்மூரில் ஒருவர் ‘தண்ணி’ என்று அழுத்திக் கேட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்து அவனே, “டீ, காப்பி, மைலோ?” என்று வரிசைப்படுத்தினான். இங்கே குடிப்பதெல்லாம் தண்ணிதான். தே தாரேக் என்பது உயரத்திலிருந்து இழுத்து ஆற்றும் டீ. நம் நாயர் கடைக் கலை, டின் பாலில். ‘தே ஓ’ என்றால் பால் இல்லாதது, ‘கோசோங்’ என்றால் சர்க்கரையும் இல்லாதது. கோசோங்குக்கு நேர்ப்பொருள் காலி. சர்க்கரை உள்ளவர்கள் இந்த ஒரு சொல்லையாவது மனப்பாடம் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பினாங்கின் டீ உங்கள் மூன்று மாதக் கட்டுப்பாட்டை ஒரே மடக்கில் தீர்த்துவிடும்.

ரொட்டி சானாய் வந்தது. செங்கோட்டைக்காரி கண்ணோடு பார்த்தேன். நம் புரோட்டா சுற்றிச் சுற்றி அடுக்காகி, கடைசியில் இரண்டு கையாலும் அடி வாங்குவது. இது மெல்லிசாக வீசி விரித்து நாலாக மடித்தது. மேலே மொறுமொறு, உள்ளே துணி மாதிரி. பருப்பும் மீன் குழம்பும் கூடவே. எது மேல் என்று அப்பா அன்றிரவு கேட்டார். பார்டர்தான் என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் சானாயை அடுத்த பதினான்கு நாளில் பத்து நாள் சாப்பிட்டேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

பிறகு எனக்குக் கால் முளைத்தது. லெபோ பினாங்கு பக்கம் போனால் குட்டி இந்தியா. உட்லண்ட்ஸ், ஆனந்த பவன் என்று சைவக் கடைகள். வாழையிலைச் சாப்பாடு, ரசம், மோர். அவல் டப்பா பெட்டிக்குள் போன நாள் அது. பக்கத்தில் குயின் தெருவில் 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயில். அங்கிருந்து சில நிமிட நடையில் 1801-ல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தத் தீவில் காலூன்றிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து முஸ்லிம் வணிகர்கள் வந்துவிட்டார்கள். அவர்களைச் சூலியர் என்றார்கள். நான் பட்டினி கிடந்த தெருவுக்கு வந்த பெயர் அதுதான்.

லெபோ பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. வட்டிக்கடை ஏஜென்டாக வருகிறவர் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கில் வருவார், பெண்டு பிள்ளை ஊரில். கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, கணக்கு மேசை, இரவில் அங்கேயே பாய். எல்லோருக்கும் சேர்த்து ஊர்ச் சமையல்காரர் ஒருவர் பொங்கிப் போடுவார். வெளியூர் வேலைக்கு வந்தவன் எங்கே சாப்பிடுவது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை அது. என்னுடைய மூன்று வாரத்தை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் வெட்கமாக இருந்தது. ஆனால் ஒன்று, அவர்களுக்குச் சமையல்காரர் இருந்தார்.

ஒருநாள் மட்டும் ஏமாந்தேன். மழை, அலுப்பு, வெள்ளைக்காரர்கள் குடிக்கிற ஒரு தெருவில் ஆளுயரப் படம் போட்ட கடை. பிரியாணி என்று வந்ததில் மஞ்சள் நிறம் இருந்தது, வேறு எதுவும் இல்லை. முப்பத்தெட்டு ரிங்கிட். “படம் போட்ட கடையில் யார் சாப்பிடச் சொன்னது?” என்று ஆன்ட்டி இரண்டு நாள் கேலி செய்தார். பரிகாரமாக ஞாயிற்றுக்கிழமை தன் காரில் ஆயர் ஈத்தாம் கூட்டிப் போய் லக்சா வாங்கிக் கொடுத்தார். கானாங்கெளுத்தி மாதிரி மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்து, அதில் தடித்த அரிசி நூடுல்ஸ்; மேலே வெள்ளரி, அன்னாசி, புதினா, ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது. புளிக்குழம்பில் யாரோ தைரியமாக இடியாப்பத்தையும் பழத்தையும் போட்ட மாதிரி இருந்தது. முதல் வாய் திகைப்பு, மூன்றாவது வாயில் சமாதானம். திரும்பும் வழியில் செண்டோல். தேங்காய்ப்பால், பனைவெல்லம், ஐஸ், பச்சைப் புழு மாதிரி மாவுத் துண்டுகள். இதை என் மகள் பார்த்தால் புழு என்றே நம்புவாள், பிறகு விடமாட்டாள்.

ஆன்ட்டி இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். பினாங்குச் சீனர்கள் பார்த்ததும் கேட்பது “சியா பா போய்?” சாப்பிட்டாயா என்று. மலாய்க்காரர்கள் “சூடா மாக்கான்?” என்பார்கள். அதுவும் அதேதான். லாட்ஜ் அக்காவின் பசியாறியாச்சாவையும் சேர்த்தால் ஒரே தெருவில் மூன்று மொழியில் என் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

சந்துக் கடைக்கு வாரத்தில் நாலு நாளாவது போனேன். பரிமாறுகிறவர் மூன்றாவது நாளே, “எந்த ஊரு தங்கச்சி?” என்றார். தென்காசி என்றதும் கரண்டி நின்றது. “அட, நமக்குக் கடையநல்லூரு!” எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பஸ். பினாங்கு வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்க, நாங்கள் இரண்டு பேரும் கிருஷ்ணாபுரம் அனுமார் கோயில் விலக்கையும் பஸ் ஸ்டாண்டையும் பேசிக்கொண்டிருந்தோம். அவர் வந்து பத்தொன்பது வருடம். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி வந்தவர். 1970-களின் தொடக்கம் வரை ஓடிய அந்தக் கப்பலைப் பற்றிப் பேசாத கடையநல்லூர் வீடு கிடையாது என்றார். மனைவியும் இரண்டு பெண்களும் ஊரில். மூத்தவள் கல்லூரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய்வருகிறார்.

“நீங்க எப்பண்ணே சாப்பிடுவீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கூட்டம் ஓயணும்ல” என்றார். “ராத்திரி ஒரு மணி, ஒன்றரை. பின்னால நின்னுக்கிட்டே ரெண்டு வாய். உக்காந்தா எந்திரிக்கத் தோணாது தங்கச்சி.” குழம்பு வாசனையிலேயே நிற்பதால் பசி தெரியாதாம். மோரும் சோறும் ஊறுகாயும் கிடைத்தால் போதுமாம், அதுதான் இங்கே கிடைக்காதாம்.

கிளம்பும் முந்தின நாள் அம்மாவின் பெட்டியில் மிஞ்சியிருந்த புளிக்காய்ச்சலையும் பருப்புப்பொடியையும் ஒரு பையில் போட்டு அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அன்று என் தட்டில் கேட்காமலேயே ஒரு மீன் முட்டைத் துண்டு விழுந்தது. கணக்குச் சீட்டில் அது இல்லை.

இயந்திரம் ஒருநாள் தாமதமாகத்தான் ஒப்படைக்கப்பட்டது. அறிக்கையில் அதற்கான காரணத்தை ‘ஆபரேட்டர் பிழை’ என்று நானே எழுதினேன்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து, மகளோடு தென்காசிக்குப் போயிருந்தேன். குற்றாலத்தில் நல்ல சாரல். சாயங்காலம் அப்பா, அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு கார் எடுத்தேன். பார்டர் கடை வாசலில் நிறுத்தியதும் அப்பா வழக்கம்போல இறங்கி, “என்ன வாங்கிட்டு வரட்டும்?” என்றார். நான் இஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மகள் எனக்கு முன்னால் ஓடிவிட்டாள்.

அம்மா காருக்குள்ளேயே இருந்தாள். கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாள்.

“நீங்க சாப்பிட்டு வாங்கட்டி. எனக்கு ரெண்டு புரோட்டா பார்சல் சொல்லு.”

“பார்சல்ல மொறுமொறுப்பு போயிரும்மா.”

அவள் கடையைப் பார்த்தாள். உள்ளே நல்ல கூட்டம். அப்பா மேசை பிடித்து நின்றுகொண்டு கையை ஆட்டினார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினாள். வாசல்படியில் நின்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

“கை கழுவுத எடம் எங்கட்டி இருக்கு?”